நாலாயிரம் பவுண்டு காயம், லட்சம் பவுண்டு பில்: ஒரு சைக்கிள் கேஸ் ஏன் இவ்வளவு தூரம் போனது?

லண்டன் பிரிட்ஜைக் கடந்து வடக்குப் பக்கம் போனால் கிங் வில்லியம் தெரு வரும். வங்கிகளும் வக்கீல் ஆபீஸ்களும் நெருக்கியடித்து நிற்கிற பகுதி. ஆபீஸ் நேரத்தில் அங்கே ஒருவர் தனியாகச் சாலையைக் கடக்க முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டியதுதான். முன்வரிசையில் நிற்பவர்கள் சிக்னலைப் பார்ப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்ப்பார்கள். 2015 ஜூலையில் ஒரு நாள் அப்படி ஒரு கூட்டம் கடந்துகொண்டிருந்தபோது வண்டிகளுக்குப் பச்சை விழுந்தது. மணிக்கு 16 முதல் 24 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் சந்திப்புக்குள் நுழைந்தார். செல்போனைப் பார்த்தபடி கடந்துகொண்டிருந்த ஒரு பெண் அவர் வருவதைக் கவனிக்கவில்லை.

சைக்கிள்காரர் ஹாரன் அடித்தார். சாதாரண மணி இல்லை, சத்தமாக அலறும் ஏர் ஹாரன். கத்தினார், பிரேக் பிடித்தார், ஹேண்டில்பாரை ஒடித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துப் பதறி, நடுவில் இருந்த திட்டுக்கே திரும்பிவிட நினைத்துப் பின்னால் காலெடுத்து வைத்தார். சைக்கிளும் அதே பக்கம்தான் திரும்பியிருந்தது. குறுகலான சந்தில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிடப் பார்த்து, இடமும் வலமும் ஆடிவிட்டுக் கடைசியில் முட்டிக்கொள்வார்களே, அதேதான். என்ன, இங்கே ஒருவர் கீழே சக்கரம் இருந்தது. இருவரும் விழுந்தார்கள், இருவருக்கும் நினைவு தப்பியது. பெண்ணுக்குத் தலையில் சிறு காயம், பல்லில் சேதம்.

நம் ஊர்ச் சந்தையில் இப்படி நடந்திருந்தால், "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்க?" என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, யாரோ ஒருவர் கழன்ற செயினை மாட்டிக் கொடுத்து, விழுந்தவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து முடிந்திருக்கும். லண்டனில் அது 4 வருடம் நடந்தது. 2019 ஜூனில் மத்திய லண்டன் கவுண்டி கோர்ட் தீர்ப்புச் சொன்னது: தவறு இருவர் மேலும் பாதிப் பாதி. அதன்படி அந்தப் பெண் கைக்கு வர வேண்டிய நஷ்ட ஈடு 4,161 பவுண்டு 79 பென்ஸ், அன்றைய மதிப்பில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். அவருடைய வக்கீல்கள் செலவுக் கணக்காக நீட்டிய தொகை கிட்டத்தட்ட 1 லட்சம் பவுண்டு.

செய்தி வெளியானதும் பிரிட்டனில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கொதித்தார்கள். பச்சை விளக்கில் போனவன் எதற்குப் பணம் கட்ட வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நடந்தவருக்கு எதற்கு நஷ்ட ஈடு என்பதுதான் எல்லோர் வாயிலும். என்னைக் கேட்டால் கோபம் தப்பான இடத்தில் விழுந்தது. பாதிப் பாதி என்பதில் விசேஷமாக ஒன்றும் இல்லை, தினமும் நடக்கிற சட்டம்தான் அது. இந்தக் கேஸில் உண்மையிலேயே வினோதமான விஷயம் வக்கீல் பில்லில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால், பழியை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அதிலும் ரசமான கதைகள் உண்டு.

கம்பும் கழுதையும்

இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஒருவர் தன் வீட்டைப் பழுது பார்க்கிறேன் என்று தெருவின் ஒரு பகுதியை மறித்து ஒரு கம்பைப் போட்டு வைத்திருந்தார். இருட்டத் தொடங்கும் நேரம். குதிரையில் படுவேகமாக வந்த ஒருவர் அதில் மோதி விழுந்து பலத்த காயம் அடைந்தார். கம்பைப் போட்டது தப்பு, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் 100 கஜ தூரத்திலிருந்தே கம்பைப் பார்த்திருக்கலாம், நிதானமாக வந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று சாட்சி வந்தது. 1809-இல் கோர்ட் சொன்ன முடிவு: உன் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் உனக்கு ஒரு பைசா கிடையாது. காயம்பட்டவர் மேல் ஒரு சதவீதத் தவறு இருந்தாலும் வழக்கு காலி. இதுதான் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலேயச் சட்டத்தின் அடிப்படை விதி.

விதி கொடூரமாக இருந்ததால் நீதிபதிகள் ஓட்டை தேடினார்கள். 1842-இல் ஒரு கழுதை வழி காட்டியது. ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி, பொதுச் சாலையோரம் மேய விட்டிருந்தார். மூன்று குதிரை பூட்டிய வண்டி ஒன்று விசையாக வந்து அதை ஏற்றிக் கொன்றது. காலைக் கட்டிச் சாலையில் விட்டது சொந்தக்காரர் தப்புதானே? பழைய விதிப்படி அவருக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. ஆனால் கோர்ட் வேறு விதமாக யோசித்தது: கடைசி நேரத்தில் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடியவர் யார்? வண்டிக்காரர். அப்படியானால் முழுப் பணமும் அவர் கட்டட்டும். இல்லாவிட்டால் சாலையில் படுத்துத் தூங்குகிற மனிதன் மேல் வண்டியை ஏற்றிவிட்டு, அவன் அங்கே படுத்தது தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று நீதிபதி கேட்டார்.

இப்போது கிங் வில்லியம் தெருவுக்குத் திரும்பி வாருங்கள். கம்பு விதிப்படி தீர்த்தால், போனைப் பார்த்து நடந்த பெண்ணுக்கு எதுவும் கிடையாது. கழுதை விதியை எடுத்தால், கடைசியில் தவிர்த்திருக்கக்கூடியவர் யார் என்ற கேள்வி வரும்; அது சைக்கிள்காரர்தான் என்று முடிவானால் முழுத் தொகையும் அவர் தலையில். ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. நடுவில் நிற்க இடமே இல்லாமல் இருந்தது. 1945-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்துதான் அந்த நடு இடத்தை உண்டாக்கியது. காயம்பட்டவரின் பங்குத் தவறு எவ்வளவோ அந்த அளவுக்கு நஷ்ட ஈட்டைக் குறைத்துக்கொடு, வழக்கையே தள்ளிவிடாதே என்பதுதான் அந்தச் சட்டம். 2019-இல் அந்த நீதிபதி செய்தது இவ்வளவுதான்.

சரி, பச்சை விளக்கு? பச்சை என்றால் போகலாம் என்று அர்த்தம், போயே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே சாலையில் இறங்கிவிட்ட பாதசாரிக்கு வழிவிட வேண்டிய பொறுப்பு, விளக்கு மாறிய கணத்தில் மறைந்துபோவதில்லை. மக்கள் எதிர்பாராத விதமாக நடந்துகொள்வார்கள், சைக்கிள் ஓட்டுகிறவர் எப்போதும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். சாலை முழுதாகக் காலியாகாத நிலையில் அவர் முன்னேறியதுதான் அவர் பங்குத் தவறு. அவர் முரட்டுத்தனமாக ஓட்டினார் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. நிதானமான, நியாயமான ஓட்டி என்றே சொன்னார். பார்க்காமல் சாலையைக் கடந்ததற்கு, அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே கடந்ததற்கு, பெண்ணுக்கும் அதே அளவு பொறுப்பு.

கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் நீதிபதியின் எதிர்பார்ப்பு புரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆபத்தைப் பார்த்து மூளை கைக்குச் சொல்லி விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஐந்தரை மீட்டர் போய்விடும். அப்புறம் வண்டி நிற்க இன்னும் 3 மீட்டர். ஆக, நிற்பதற்கு எட்டு ஒன்பது மீட்டர் வேண்டும். கூட்டம் கடந்துகொண்டிருக்கிற சந்திப்பில் அந்த எட்டு மீட்டர் எங்கே இருக்கிறது? ஹாரனும் கத்தலும் வழியைக் காலி செய்யும் என்று நம்பித்தான் அவர் உள்ளே வந்திருக்க வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் அது வேலை செய்தது, ஒருவர் விஷயத்தில் செய்யவில்லை.

பங்கு பிரிப்பதில் அறிவியல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் பள்ளி மினி பஸ்ஸிலிருந்து இறங்கி, அதன் பின்னாலிருந்து சாலைக்குள் வந்த 13 வயதுச் சிறுமி மேல் கார் மோதிய வழக்கு ஒன்று. சிறுமியின் பங்கு 90 சதவீதம் என்றார் முதல் நீதிபதி. மேல்முறையீட்டில் அது 70 ஆனது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் அதை 50 ஆக்கியது. அதே சாலை, அதே கார், அதே சாட்சிகள். கார் விஷயத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் சாய்கிற பக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு: கார் என்பது ஆயுதம் மாதிரி, அதனால் வரக்கூடிய சேதம் அதிகம், ஆகவே ஓட்டுநர் மேல் பாரமும் அதிகம். சைக்கிள் இதில் எங்கே வருகிறது என்பதுதான் சங்கடம். காரோடு மோதினால் அது பலவீனமான கட்சி, நடப்பவரோடு மோதினால் பலமான கட்சி. ஆனால் மோதுகிறவரும் சேர்ந்து விழுந்து அடிபடுகிற ஒரே 'ஆயுதம்' அதுவாகத்தான் இருக்கும்.

செலவு மட்டும் ஏன் பாதியாகவில்லை

இனி பில்லுக்கு வருவோம். இங்கிலாந்தில் பொது விதி, தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கட்ட வேண்டும். அப்படியானால் பாதிப் பாதித் தீர்ப்பில் ஜெயித்தவர் யார்? கோர்ட் இதற்கு மிக எளிமையான பதில் வைத்திருக்கிறது. கடைசியில் யார் யாருக்குச் செக் எழுதுகிறார்களோ, எழுதுகிறவர் தோற்றவர். பெண் பணம் கேட்டார், கொஞ்சமாவது கிடைத்தது, எனவே அவர் ஜெயித்தார். பழி பாதியானாலும் செலவு தானாகப் பாதியாவதில்லை.

தலைகீழாக நடந்திருந்தால்? பெண் முழுசாகத் தோற்றிருந்தால் சைக்கிள்காரரின் வக்கீல் செலவை அவர் கட்டியிருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. 2013 ஏப்ரலில் வந்த ஒரு மாற்றப்படி, உடல் காயத்துக்காக வழக்குப் போடுகிறவர் தோற்றால் எதிராளியின் செலவைப் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை. ஏழைக்கும் சாதாரணருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எதிர்க்கத் தைரியம் வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரே நிற்பது கம்பெனி இல்லை, இன்ஷூரன்ஸே இல்லாத தனி மனிதர் என்றால், கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். ஜெயித்தாலும் அவர் செலவு அவருக்கு. தோற்றால் இருவர் செலவும் அவருக்கு.

இன்னொரு ஒப்பீடு. இதே பெண்ணை இதே இடத்தில், இதே அளவுக்கு, ஒரு கார் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறு மோட்டார் விபத்துக் காயங்களுக்கு என்று ஆன்லைன் தளம் ஒன்று அங்கே உண்டு. வக்கீல் அதில் விவரத்தைப் பதிவார், காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பை ஏற்கும், தொகை பேசி முடிப்பார்கள். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட கேஸ் அங்கேயே முடிந்தால் வக்கீலுக்கு எதிர்த்தரப்பு தர வேண்டிய கட்டணத்தை 2013-இலேயே நிர்ணயித்துவிட்டார்கள்: முதல் கட்டத்துக்கு 200, இரண்டாம் கட்டத்துக்கு 300, ஆக 500 பவுண்டு. வரி தனி. ஆனால் அந்தத் தளத்துக்குள் நுழைய இடித்தது மோட்டார் வாகனமாக இருக்க வேண்டும். சைக்கிளுக்கு அங்கே இடம் இல்லை. இந்தப் பக்கம் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போனால் வக்கீல் செலவு பெரும்பாலும் அவரவர் பாடு. ஆனால் அன்றைக்கு அதன் வரம்பு காயத்துக்கான ஈடு 1,000 பவுண்டுக்குள் இருந்தால்தான். பல் சேதத்தோடு தலைக்காயம் அதைத் தாண்டிவிட்டது. இரண்டு மலிவான வழிகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இந்தக் கேஸ் விழுந்தது. 500 பவுண்டில் முடியக்கூடிய அதே காயத்துக்கு லட்சம் பவுண்டு பில் தயாரானது இப்படித்தான்.

கடைசியில் நீதிபதி அந்தச் செலவுக்கு உச்சவரம்பு போட்டார், 10,000 பவுண்டு. அதற்குள் சைக்கிள்காரருக்காக இணையத்தில் திரட்டிய நிதி 50,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். கோபம் தப்பான இடத்தில் விழுந்தது என்று சொன்னேனே, அந்தக் கோபத்தால் ஆன நன்மை இது.

போடாத எதிர்வழக்கு

இந்தக் கேஸில் வக்கீல்கள் அதிகம் பேசிக்கொண்டது நடக்காத ஒன்றைப் பற்றித்தான். சைக்கிள்காரருக்கும் அடிபட்டது. அவரும் நினைவிழந்தார். தவறு பாதிப் பாதி என்றால் அவர் காயத்துக்கும் பாதி ஈடு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வழக்குப் போட்டுப் பணம் வாங்குகிற சுபாவம் தனக்கு இல்லை என்றும், ஆரம்பத்தில் தனக்கு வக்கீல் இல்லை என்றும் அவர் பிறகு சொன்னார்.

ஒரு கற்பனைக் கணக்கு. நடந்தவர் சேதம் 8,000, ஓட்டியவர் சேதம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். பாதியாக வெட்டினால் நடந்தவருக்கு ஓட்டியவர் 4,000 தர வேண்டும், ஓட்டியவருக்கு நடந்தவர் 3,000 தர வேண்டும். கழித்தால் வெறும் 1,000 கை மாறும். அது மட்டுமல்ல, காயத்துக்காகக் கேட்கிறவருக்குக் கிடைக்கிற அந்த 2013 பாதுகாப்பை அவரும் கேட்டிருக்கலாம். (எதிர்வழக்குப் போடுகிற பிரதிவாதிக்கு அந்தப் பாதுகாப்பு முழு வழக்குக்கும் உண்டா, அவர் கேட்ட பகுதிக்கு மட்டுமா என்பதில் 2018-இலேயே கவுண்டி நீதிபதிகள் ஒருவருக்கொருவர் முரணாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். இருந்தாலும் வாதாடவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.) பெருந்தன்மையாகச் சும்மா இருந்தவர் செலவுக் கணக்கில் மாட்டிக்கொண்டார் என்பதுதான் இதில் கசப்பான பகுதி.

இன்னொரு கதவும் இருந்தது. இங்கிலாந்து சிவில் விதிகளின் 36-ஆம் பகுதி என்பார்கள். வழக்கின் தொடக்கத்திலேயே எதிராளி, "இந்தா, 4,500 பவுண்டு, வாங்கிக்கொள்" என்று முறைப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாதி அதை மறுத்துவிட்டு, தீர்ப்பில் அதைவிடக் குறைவாக வாங்கினால், அதற்குப் பிந்திய செலவுக்குப் பொதுவாக வாதிதான் பொறுப்பு. காப்பீட்டுக் கம்பெனிகளின் வக்கீல்கள் காலை காபிக்கு முன்னால் செய்கிற வேலை இது. ஆனால் தெருவில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன ஒருவருக்கு, நான் தப்பே செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிற ஒருவருக்கு, 36-ஆம் பகுதி எப்படித் தெரியும்? தெரிந்தாலும், தப்பே செய்யாதவன் எதற்குப் பணம் தருகிறேன் என்று எழுதுவான்?

இன்ஷூரன்ஸ் என்றால் பணம் கட்டுகிற ஏற்பாடு என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த மாதிரிக் கேஸ்களில் பணத்தைவிட முக்கியமாக அது தருவது ஒரு வக்கீலை. நோட்டீஸ் வந்ததும் பிரித்துப் படித்து, எதை ஏற்பது, எதை மறுப்பது, எப்போது பேரம் பேசுவது என்று தெரிந்த ஒருவர் அன்றைக்கே உங்கள் பக்கம் உட்கார்ந்துவிடுவார். பிரிட்டனில் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. 'சைக்கிளிங் யூகே' மாதிரியான அமைப்புகளில் உறுப்பினரானால் 1 கோடி பவுண்டு வரைக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீடு சேர்ந்தே வரும். பலருடைய வீட்டுப் பொருள் காப்பீட்டிலேயே, சிறிய எழுத்தில், தனிமனிதப் பொறுப்பு என்ற ஒரு பிரிவு இருக்கும். சைக்கிளில் போய் யாரையாவது இடித்தால் அது கைகொடுக்கலாம். பத்திரத்தை எடுத்துப் படித்தால்தானே தெரியும்.

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இந்தப் பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே தனிமனிதப் பொறுப்புக் காப்பீடு என்பது வீட்டுக்கு வீடு இருக்கிற சாதாரணப் பொருள். பையன் பந்தடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தாலும் அதுதான், சைக்கிள் இடித்தாலும் அதுதான். சுவிட்சர்லாந்தில் ஒரு காலத்தில் ஒவ்வொரு சைக்கிளிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். வருடத்துக்குச் சில பிராங்க் கொடுத்து வாங்குகிற அந்த ஸ்டிக்கர்தான் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். எப்படியும் எல்லோரிடமும் தனிக் காப்பீடு இருக்கிறதே என்று 2012 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஜப்பான் எதிர்த்திசையில் போனது. அதற்குக் காரணமான வழக்கில் காயம் சிறியது இல்லை. 2008-இல் கோபே நகரில் இரவு நேரம், 11 வயதுப் பையன் ஒருவன் சைக்கிளில் இறக்கத்தில் வேகமாக வந்து 62 வயதுப் பெண்மணி மேல் மோதினான். அவர் நினைவு திரும்பவே இல்லை. 2013-இல் கோபே மாவட்ட நீதிமன்றம் பையனின் தாய் சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைக்குச் சாலை ஒழுங்கைச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பது தாய் மேல் சொன்ன குற்றம். கோபே இருக்கிற ஹ்யோகோ மாகாணம் 2015-இல் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. ஜப்பானிலேயே முதல் மாகாணம் அதுதான், பிறகு மற்றவையும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளுக்கும் பாலிசி வேண்டும்.

கிரிமினல் பக்கம்

இது வேறு கிளை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வண்டியா இல்லையா என்ற குழப்பம் இங்கிலாந்துக்குப் பழசு. 1879-இல் ஒரு கோர்ட், கண்மண் தெரியாமல் ஓட்டும் குற்றத்தைப் பொறுத்தவரை சைக்கிளும் வண்டிதான் என்றது. 1888 சட்டம் அதை எல்லா சைக்கிளுக்கும் பொதுவாக்கி, முந்தும்போது மணியடிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. அந்த மணி விதி 1930-இல் போய்விட்டது. இன்றைக்கும் மணிக்கு இத்தனை மைல் என்கிற பொதுச்சாலை வேகவரம்பு மோட்டார் வாகனத்துக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை. கவனக்குறைவாக சைக்கிள் ஓட்டினால் 1,000 பவுண்டு வரையும், ஆபத்தாக ஓட்டினால் 2,500 பவுண்டு வரையும் அபராதம். காயம் பெரிதாக இருந்தால், குதிரை வண்டிக் காலத்தில் எழுதிய 1861 சட்டத்தின் 35-ஆம் பிரிவைத் தேடிப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். அதில் அதிகபட்சம் 2 வருடச் சிறை. சிறு மோதல்களில் போலீஸ் பொதுவாக இவை எதையும் தொடுவதில்லை. சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். கிங் வில்லியம் தெருச் சம்பவத்திலும் பார்த்தவர்கள் போலீஸிடம் சைக்கிள்காரர் பக்கமே பேசியிருந்தார்கள். சிவில் கோர்ட்டில் அது அவரை முழுதாகக் காப்பாற்றவில்லை. யார் மேல் அதிகக் கோபம் வருகிறது என்பதும் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதும் வேறு வேறு கேள்விகள்.

நம் நாட்டுச் சட்டமும் அதே ஆங்கிலேய வேரில் முளைத்ததுதான் என்பதால் ஒரு வார்த்தை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், பெயரிலேயே இருப்பது போல, மோட்டார் வாகனத்துக்கு மட்டும். சைக்கிள் இடித்தால் அங்கே போக முடியாது. கேட்கிற தொகைக்கேற்ப கோர்ட் ஃபீஸ் கட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். ஜெயித்தாலும் வக்கீலுக்குக் கொடுத்தது முழுசாகத் திரும்பி வருவது அபூர்வம். அதனால் யாரும் போடுவதில்லை. சட்டம் இல்லை என்று அர்த்தம் இல்லை: பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு பொதுவழியில் அஜாக்கிரதையாக எந்த வண்டியை ஓட்டினாலும் பொருந்தும், சைக்கிள் உட்பட. இதைவிட நான் கவலைப்படுவது அந்தச் சின்ன பேட்டரி வண்டிகளைப் பற்றி. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், 60 கிலோவுக்குள் எடை என்றால் அது மோட்டார் வாகனமே இல்லை; பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். சாப்பாட்டுப் பையோடு சந்துக்குள் பாய்ந்து வருகிற அந்த வண்டி ஒரு பாட்டியைத் தட்டிவிட்டால், அவருக்கும் அதே சிவில் கோர்ட் வாசல்தான்.

இங்கிலாந்தில் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2022 ஜனவரி 29 முதல் ஹைவே கோடில், அதாவது அந்நாட்டுச் சாலை விதிக் கையேட்டில், ஒரு படிவரிசை வந்தது: அதிக சேதம் செய்யக்கூடியவருக்கு அதிகப் பொறுப்பு. லாரி, கார், பைக், சைக்கிள் என்று இறங்கி வந்தால் அடியில் பாதசாரி. சந்திப்பில் சாலையைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஹைவே கோடை மீறுவது தன்னளவில் குற்றம் இல்லை என்றாலும், சிவில் வழக்கில் பொறுப்பை நிரூபிக்க அதை எடுத்துக் காட்டலாம். ஆக, பங்கு பிரிக்கும் தராசு நடப்பவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இரண்டாவது மாற்றம் செலவில். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு நடக்கிற விபத்துகளில், 1 லட்சம் பவுண்டு வரையுள்ள பெரும்பாலான வழக்குகளுக்கு, ஜெயித்தவருக்குத் தோற்றவர் தர வேண்டிய வக்கீல் செலவை அட்டவணை போட்டு நிர்ணயித்துவிட்டார்கள். அதே மோதல் இன்றைக்கு நடந்தால் நாலாயிரம் பவுண்டு காயத்துக்கு லட்சம் பவுண்டு பில் வராது.

ஆனால் சைக்கிள்காரரிடம் காப்பீடு இல்லாவிட்டால், சில மாதம் கழித்து வருகிற வக்கீல் நோட்டீஸ் இப்போதும் அவர் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். எதிர்வழக்குப் போடலாமா, 36-ஆம் பகுதிப்படி ஒரு தொகை எழுதிக் கொடுக்கலாமா என்று அவர் யாரிடமாவது கேட்டாக வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே.